ஐய ஓகாரம்

பூன் லேயில் இரவு வேலை முடிந்து
முதல் ரயிலுக்கு நிற்கையில்
கைப்பேசியில் திறந்தேன்:
கெலாடி ஓடைப் பாலம்.
பதினான்கு வரிக் கட்டுரை. ஒன்பது என்னுடையவை.

மூன்றாம் வரியின் தோளில் புதிதாக ஒரு சிறு எண்.
பதினைந்து ஆண்டாய் அங்கே தொங்கிய
'சான்று தேவை' சீட்டை
யாரோ கழற்றியிருந்தார்.
பயனர் பெயர்: அல்லிக்கொடி158.
நன்றி சொல்லத்தான் போனேன்.

சான்று, ஒரு சமூக மன்றத்தின் வெள்ளிவிழா மலர்.
பக்கம் 22.
விக்டோரியா ஸ்ட்ரீட் நூலகத்தின் பதினோராம் மாடியில்
குளிருக்கு இரண்டு சட்டை போட்டுக்கொண்டு
பிரித்தேன்.
"1931இல் கட்டப்பட்ட இந்தப் பலாம்…"

பலாம்.

துணைக்கால் ஓரெழுத்து தள்ளி நிற்கும் அந்தப் பலாம்
என் கட்டைவிரலுடையது.
2009, தீபாவளிக்கு முந்திய வாரம்.
மறுநாளே திருத்திவிட்டேன்.
அந்த ஒரு நாளுக்குள்
யாரோ நகலெடுத்து அச்சுக்குக் கொடுத்துவிட்டார்.

நான் சொன்னேன் என்று மலர் சொல்லவில்லை.
மலர் சொன்னது என்று இப்போது நான் நிற்கிறேன்,
தன் வாலையே கயிறென்று பிடித்து ஏறும் பூனைபோல.

எனக்கு யார் சொன்னது?
தேக்கா சந்தையில், செதிள் சீவியபடி
மீன்கடை நெய்னா:
"முப்பதோ, முப்பத்தொண்ணோ…
பாறை அரைக்கிலோ போடவா?"
அரைக்கிலோ மீனும் ஓர் ஆண்டும்
வாங்கிக்கொண்டு வந்தேன்.
வழியில் அந்த இரண்டு ஓகாரங்களும்
செதிளோடு செதிளாய்ப் போயின.

கீழே உணவங்காடியில் கோப்பி ஓ கேட்டேன்.
பால் சேர்க்காமல் வந்தது.
கடைக்காரர் ஓவை விழுங்குகிற ஆளில்லை.

திரும்ப மேலே போய்
நுண்படச் சுருளை இரண்டு நாள் சுழற்றினேன்.
முப்பத்தொன்றில் ஒன்றுமில்லை. முப்பதில் மழை.
1928 செப்டம்பர், ஏழாம் பக்கம்,
பல்பொடி விளம்பரத்துக்குக் கீழே நான்கு வரி:
கெலாடி ஓடைப் பாலத்தின் கைப்பிடி முறிந்து
சலவைக்காரர் ஒருவர் விழுந்தார்.
காயமில்லை.
பெயருமில்லை.

கட்டியதாக நான் எழுதிய ஆண்டுக்கு மூன்றாண்டு முன்பே
ஒரு மனிதர் அதிலிருந்து விழுந்து
எழுந்து, நனைந்த மூட்டையோடு
நடந்து போயிருக்கிறார்.

வரியை அழித்தேன்.
'1928க்குள் இந்தப் பாலம் இருந்தது.
கட்டிய ஆண்டு தெரியவில்லை.'
நாளிதழ், தேதி, பக்கம், பத்தி, சுருள் எண்.
திருத்தக் குறிப்பில்:
முந்தைய சான்றின் மூலம் இந்தக் கட்டுரையேதான்.

அல்லிக்கொடிக்குத் தனியே எழுதினேன்:
மலரில் பேசுவது நான். மன்னிக்கவும்.

நான்கு நிமிடத்தில் பதில்:
"பரவாயில்லை.
அது சலவைக்காரரா, சலவைக்காரியா?
மூலத்தில் என்ன சொல், பார்த்தீர்களா?"

மூடும் மணி அடித்தது.
சுருளை இன்னும் ஒப்படைக்கவில்லை.