செலவு: ஒரு சட்டை

விண்ணப்பத்தில் ஒன்பது கட்டங்கள்.
முதல் கட்டம், திட்டத்தின் பெயர்.
அதற்கே எங்களுக்கு மூன்று நாள் போனது.

"கருணைக் கரங்கள்" என்றாள் மீரிம்.
"பனியில் ஒரு பூ" என்றான் அஸ்கத்.
பெர்மெத் மட்டும்
"மருத்துவமனைப் படிக்கட்டுக்கு மணல்" என்றாள்.
தலைப்பு மாதிரியே இல்லையே என்றோம்.
தலைப்பில் வழுக்கி
யாருக்கும் இடுப்பு உடைவதில்லை என்றாள்.

நான் பொருளாளர்.
நரின் நகரத்தில், எங்கள் பள்ளியின் சேவைக் குழுவுக்கு
அப்போதிருந்த மொத்தச் சொத்து
ஒரு ரசீதுப் புத்தகமும் நானும்.
மணல் இருபது மூட்டை, வாளி ஆறு,
மண்வாரி நான்கு என்று எழுதிவிட்டு,
யாரும் கேட்காமலே,
முதுகில் பள்ளிப் பெயர் பொறித்த பச்சைச் சட்டை
பதினைந்து என்று சேர்த்தேன்.
மணலைவிடச் சட்டைக்குத்தான் அதிக சோம்.
மாதிரிக்கு ஒன்றை
என் கைக்காசில் தைத்தும் வாங்கிவிட்டேன்.
மைனஸ் இருபத்தைந்தில்
கோட்டுக்குள் இருக்கும் சட்டையை
யார் பார்ப்பார்கள் என்று தோன்றவே இல்லை.

நான்காம் கட்டம்: பயனாளிகள் எத்தனை பேர்?
ஐந்நூறு என்று போட்டேன்.
பெர்மெத் பேனாவைப் பிடுங்கி அடித்தாள்.
"வா, எண்ணிப் பார்க்கலாம்."

செவ்வாய்க்கிழமை, வேதியியலைக் கட்டடித்து
மருந்துக்கடை வாசலில் நின்றோம்.
கையுறைக்குள் விரல் இன்னும் இருக்கிறதா என்று
மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டோம்.
இரண்டு மணி நேரத்தில் நாற்பத்தொரு பேர்.
விழுந்தவர்கள் ஆறு.
ஆறு பேரில் ஒருவர்கூட
படிக்கட்டில் விழவில்லை.

படிக்கட்டில் காவலாளி விடியுமுன்பே
அடுப்புச் சாம்பல் தூவியிருந்தார்.
விழுந்ததெல்லாம் வேன் நிற்கும் சரிவில்,
உறைந்து கண்ணாடியாகிப்போன வாய்க்கால்மேல்.
கதவு திறக்கும்.
மருந்துச் சீட்டைப் பல்லில் கடித்தபடி
ஒருவர் இறங்குவார்,
ஒரு கால் தரைக்கு, ஒரு கால் கடவுளுக்கு.

பன்னிரண்டு தப்படி முன்னால் சமதரை.
அங்கே ஏன் நிறுத்துவதில்லை?
ஓட்டுநர் தால்காத்தின் கண்ணாடியைத் தட்டி
பெர்மெத் கேட்டேவிட்டாள்.
"கம்பம் இங்கேதானே இருக்கு" என்றார்.

அன்றிரவு ஒன்பது கட்டங்களையும் அழித்து எழுதினோம்.
திட்டம்: கம்பத்தை நகர்த்துதல்.
தேவை: நகராட்சிக்கு ஒரு கடிதம்.
செலவு: பூஜ்யம்.
அந்தப் பூஜ்யத்தை எழுத
என் கை எவ்வளவு நேரம் மறுத்தது என்று
இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

தேர்வுக் குழு அன்பாகத்தான் பேசியது.
"இதில் மாணவர்கள் செய்வது என்ன?"
"எண்ணினோம்."
"புகைப்படம் எடுக்க ஏதாவது?"
"கம்பத்தை எடுக்கலாம்" என்றாள் பெர்மெத்.
நிதி, பனிச்சிறுத்தைச் சுவரோவியத்துக்குப் போனது.
நல்ல ஓவியம்தான். மீசைகூட வந்திருந்தது.

நகராட்சி பதில் போட்டது:
மண் உறைந்திருப்பதால்
ஏப்ரல் வரை குழி தோண்ட இயலாது.
ஏப்ரலில் பனி இருக்காது.
கடிதத்தை நாலாய் மடித்து
ரசீதுப் புத்தகத்தில் வைத்தேன்,
எங்களுக்கு வந்த முதல் காகிதம்.

பிறகு வீட்டுக்குப் போய்
அந்த மாதிரிச் சட்டையை எடுத்து வந்தேன்.
பன்னிரண்டு தப்படி தள்ளி ஒரு விளக்குக் கம்பம்.
கைகள் இரண்டையும் அதன் இடுப்பில் சுற்றிக் கட்டினேன்.
முதல் நாள் தால்காத் பார்த்தார்; பழைய இடத்திலேயே நின்றார்.
இரண்டாம் நாள் உள்ளேயிருந்து ஒரு பெண்
"பச்சைச் சட்டையில் இறக்கிவிடுங்க" என்று கத்தினாள்.
இப்போது எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.
பள்ளிப் பெயர் சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது.

ஒன்பதாம் கட்டம் கேட்டிருந்தது:
வெற்றியை எப்படி அளப்பீர்கள்?
மறுபடி போய் நின்றோம்.
இறங்கியவர்கள் முப்பத்தெட்டு. விழுந்தவர் ஒருவர்.
தாமதமாகிவிட்டதென்று
எண்ணுவதற்கு ஓடிவந்த பொருளாளர்.