இருபத்தைந்து வட்டங்கள்

டாக்டர் ஓயுன்சிமெக் ஒரு தாளை நீட்டுகிறாள்.
இறைத்துப் போட்டதுபோல் இருபத்தைந்து வட்டங்கள்,
ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் எண்.
ஒன்றில் தொடங்கிக் கோடு இழுத்துக்கொண்டே போகவேண்டும்,
பென்சிலைத் தூக்கக் கூடாது.
கடிகாரம் அவள் கையில்.

போன வசந்தத்தில் நாற்பத்தோரு விநாடி.
இன்று
பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே
எங்கேயோ இறங்கிவிட்டேன்.
எழுபத்தாறு.

"இன்னும் வண்டி ஓட்டுகிறாயா?"

ஓட்டுகிறேன்.
உலான் பத்தூரில், பத்தொன்பது வருடமாக,
தலைக்குமேல் இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொண்டு போகும்
டிராலிபஸ்ஸை.

வைரஸ் எப்போது வந்ததென்று தெரியாது.
பள்ளியில் வரிசையாக நிறுத்திப் போட்ட ஊசியா,
பல் பிடுங்கிய குறடா,
அம்மாவின் ரத்தமா.
கேட்காமல் ஏறிய பயணி.
முப்பது வருடம் டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்திருந்தது.
இப்போது இருக்கைகளை
ஒவ்வொன்றாகக் கல்லாக்குகிறது.
குடித்துக் கெடுத்துக்கொண்டாள் என்பவர்கள்
சொல்லிக்கொள்ளட்டும்.

மூளை மங்காமலிருக்க ஒரு பாகு மருந்து, மூன்று வேளை.
குடித்தால் எட்டு நிறுத்தத்துக்குள்
கழிப்பறைக்கு ஓடவேண்டும்.
என் தடத்தில் நிறுத்தங்கள் இருபத்திரண்டு.
அதனால் வேலை நாளில் குடிப்பதில்லை.
இதை டாக்டரிடம் சொல்லவில்லை.

உப்பும் கூடாது.
எங்கள் தேநீரோ பாலும் உப்பும்.
டெப்போ சமையலறையில் தூல்மா
கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றி
எனக்கென்று ஒரு கோப்பை வைத்திருக்கிறாள்.
பால் கலந்த வெந்நீர், வேறொன்றுமில்லை.
நன்றாக இருக்கிறது என்கிறேன்.
நம்பியதாக முகம் வைத்துக்கொள்கிறாள்.

கன்சோரிக் காலையில் "விட்டுவிடு" என்கிறான்.
இரவில் நிலக்கரி மூட்டைக்கும் மகளின் கல்லூரிக்கும்
கணக்குப் போட்டுவிட்டு
ஒன்றும் சொல்லாமல்
என் கணுக்காலை அமுக்கிவிடுகிறான்.
அவன் விரல் பதிந்த குழி
நிரம்ப நேரமாகிறது.
இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு அந்த நாற்காலி வேண்டும்.
அங்கே யாரும்
எப்படி இருக்கிறாய் என்று கேட்பதில்லை.
கதவைத் திற, என்கிறார்கள்.

ஜனவரியில் ஒரு நாள், பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்திரண்டு,
வளைவில் கம்பி விட்டுப்போயிற்று.
இறங்கிப் போய்க் கயிற்றை இழுத்தேன்.
உறைந்த ஜன்னல்களில்
ஆளுக்கொரு வட்டம் தேய்த்து
என்னைப் பார்த்தார்கள்.
மணிக்கட்டு சொன்னபடி கேட்கவில்லை,
தானாக மடிந்து மடிந்து விழுந்தது.
நான்காம் முறை நீலப் பொறி பறந்தது.
"சீக்கிரம்" என்றார் ஒருவர்.

அதைக்கூட விட்டிருப்பேன்.
இரண்டு நிறுத்தம் தள்ளி
ஒலிவாங்கியை அழுத்தினேன். பெயர் வரவில்லை.
பத்தொன்பது வருடம் சொன்ன பெயர்.
சிவப்புக் கட்டடம், மருந்துக்கடை, எல்லாம் இருந்தன,
பெயர் மட்டும் இல்லை.
கதவைத் திறந்தேன்.
அவர்களுக்குத் தெரிந்திருந்தது, இறங்கிப் போனார்கள்.
உள்ளே இன்னும் நாற்பத்துநான்கு பேர்.
எண்ணிப் பார்த்தேன்,
எண்ண முடிகிறதா என்று பார்க்கத்தான்.

மாலையில் பூரெவிடம் சொன்னேன்:
ஸ்டியரிங்கிலிருந்து என்னை எடுத்துவிடு.

"வீட்டுக்கா, சேந்தாயுஷ்?"

இல்லை. விடியற்காலையில்
வண்டிகளின் கண்ணாடி சுரண்ட ஆள் தேடுகிறாயே.
எனக்கு இப்போது இரவில் தூக்கமில்லை,
பகலில்தான் வருகிறது.
கழிப்பறையும் பக்கத்தில்.

"சம்பளம் பாதி."
தெரியும்.
"முடியாத நாளில்?"
முடியாத நாளில் வரமாட்டேன்.

பட்டியலில் என் பெயரை எழுதினான்,
பேனாவை மூடி வைத்துவிட்டுப்
பென்சிலால்.
கோபம் வந்தது.
பிறகு, அதுவும் சரிதான் என்று தோன்றியது.

நாலரை மணி. மருந்தின் தித்திப்பு நாக்கில்.
சுரண்டச் சுரண்ட
முதலில் ஒரு வட்டம் தெரிகிறது.
ஓட்டுகிறவருக்கு அது போதாது.
கையை மாற்றிக்கொள்கிறேன்.