இன்னும் செல்லுபடியாகவில்லை

இரவு பத்து மணிக்குப் பழைய இணைப்பகத்தின் மின்சாரத்தை
நான்தான் நிறுத்தினேன்.
படகு நிறுவனத்தின் நூற்றுப் பதினான்கு தொலைபேசிகளும்
ஒரே மூச்சில் ஊமையாயின.
விடிவதற்குள் புதிய சர்வர் பேசியாக வேண்டும்.
ஒன்பதுக்கு முதல் படகு,
காற்று விட்டால்.

புந்தா அரேனாஸில் ஜூலை.
வெளியேயும் குளிர், சர்வர் அறையிலும் குளிர்;
இங்கே அதற்குக் காசு கொடுக்கிறோம்.

நீரிணைக்கு அக்கரையில், போர்வெனீரில், யாஸ்னா.
நேற்றே திரும்பியிருக்க வேண்டியவள்.
துறைமுகத்தை மூடிவிட்டார்கள்,
கிளை அலுவலகத் தரையில் படுக்கை விரித்திருக்கிறாள்.
அவளிடம் ஒரு சர்வர், என்னிடம் ஒன்று.
ஒன்றையொன்று நம்பவைப்பதுதான் வேலை.
நாங்களோ பன்னிரண்டு நாளாய்ப் பேசுவதில்லை.
காரணம் சின்னது:
மேலாளர் முன்னால் அவள் போட்ட வரைபடத்தை
என்னுடையது என்றேன்.
சின்னதில்லை.

நிபந்தனைகளை ஏற்கிறேன். அடுத்து.
சேமிக்கும் இடம். அடுத்து.
நிர்வாகியின் கடவுச்சொல். அடுத்து.
அறுபத்தொரு விழுக்காட்டில் பட்டை நின்று யோசித்தது.
மாத்தே ஊற்றிக்கொண்டு நானும் கூடவே யோசித்தேன்.
பிறகு எதுவும் நடக்காததுபோல்
நூறு.

ஒன்றரைக்கு அவளிடமிருந்து குறுஞ்செய்தி:
‘உன் சான்றிதழை என் சர்வர் தள்ளுகிறது.’
ஏனாம்?
‘இன்னும் செல்லுபடியாகவில்லையாம்.’

மறுபடி வழங்கினேன். தள்ளியது.
பெயரை எழுத்தெழுத்தாய்ப் பார்த்தேன்,
சங்கிலியைக் கண்ணி கண்ணியாய்.
தள்ளியது.
போர்வெனீர் என்றால் எதிர்காலம் என்று பொருள்.
அந்த ஊரே என்னை
இப்போது வேண்டாம், அப்புறம் வா என்கிறது.

மூன்று மணிக்கு: ‘கடிகாரத்தைப் பார்.’
சுவரில் மூன்று. திரையில் மூன்று.
சரியாகத்தான் இருக்கிறது என்று எழுதப்போனவன்
பாதியில் நின்றேன்.
நேர வலயம்: சாந்தியாகோ.
குளிர்காலத்தில் தலைநகரம் ஒரு மணி பின்னே போகும்,
தெற்கே நாங்கள் போவதில்லை.
வலயத்தை மாற்றாமல் யாரோ
மணியை மட்டும் கையால் முன்னே தள்ளியிருக்கிறான்,
பெட்டி வந்திறங்கிய மே மாதம்.
அந்த யாரோ நான்.

பார்வைக்குச் சரியான நேரம்.
உள்ளுக்குள் உலகத்தைவிட ஒரு மணி முன்னால்.
இரவெல்லாம் நான் கையெழுத்திட்டது
இன்னும் வந்துசேராத ஒரு மணிக்கு.

திருத்தினேன். மறுபடி வழங்கினேன்.
அக்கரை ஏற்றுக்கொண்டது.

சோதனை அழைப்புக்கு இரண்டு முனை வேண்டும்.
கையேடு சொல்கிறது, நானாகச் சொல்லவில்லை.
நாலு ஒன்று பூஜ்யம் ஏழு.
இரண்டு மணி அடித்தது.
“கேட்கிறதா?”
“கேட்கிறது. பின்னால் ஏதோ இரைச்சல்.”
“காற்று. இங்கே தகரக் கூரை.”

அப்புறம் இருவரும் பேசாத பதினோரு நொடி.
அழைப்புப் பதிவேட்டில் இருக்கிறது அது,
ஒரு பொட்டலம்கூட வழியில் தொலையாமல்.

“வரைபடம் உன்னுடையது,” என்றேன்.
“தெரியும். அடுத்த எண்ணைப் போடு,” என்றாள்,
“இன்னும் நூற்றுப் பதின்மூன்று கிடக்கிறது.”