மலையை மறைக்கும் வேலை

சோஃபியாவுக்குப் பின்னால் நிற்கும் வித்தோஷா மலையை
சட்டகத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்வதற்கு
எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.
நவம்பரில் அதன் தலையில் பனி உட்கார்ந்துவிடும்.
இவர்கள் எடுப்பதோ பாலைவன நகரத்துப் போர்ப் படம்.
இரண்டு மாடிகளுக்கு நடுவே கொடி கட்டி
போர்வை, சிறுவர் சட்டை, பெரிய சிவப்புக் கம்பளம்
தொங்கவிடுகிறேன்.
மலை போய்விட்டது.
இங்கிருப்பவர்கள் ஏழைகள் என்பதும் சொல்லியாயிற்று.
ஒரே கயிறு, இரண்டு வேலை.

ஸ்டுடியோவின் இந்தத் தெருவுக்குப் பெயர் கிடையாது, எண்தான்.
போன வசந்தத்தில் மாஸ்கோவாக இருந்தது:
நீல வெளிச்சம்,
வோட்காவே தொடாத இரண்டு பேர் நாள் முழுக்க வோட்கா குடித்தார்கள்.
இப்போது மஞ்சள்.
காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்;
நாங்கள் காமாலையைக் காசு கொடுத்து வாங்கி
லென்ஸில் மாட்டுகிறோம்.
தூறலில் நடுங்கும் தெரு
திரையில் வியர்த்து வழியும்.

பட்டியல் வந்தது.
கோழி பன்னிரண்டு.
கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி ஆறு.
டயர், எரிந்தது. டயர், எரியாதது.
"புத்தகக் கடை ஒன்று வைக்கலாமே" என்றேன்.
"அங்கே இருக்கும்தான் ஸ்த்ராவ்கா,
ஆனால் பார்ப்பவன் நம்பமாட்டான்"
என்றான் கலை இயக்குநர் க்ராஸிமிர்,
பேனாவைக் காதில் செருகியபடி.

நான் ஒன்றும் யோக்கியமில்லை.
மூன்று வருடம் முன்பு வெளிநாட்டுப் படம் ஒன்றில்
'பல்கேரியா, இரவு' என்று எழுத்து விழுந்தது.
மூடுபனி. ஒரு நாய். குதிரை வண்டி.
முக்காடு போட்டவள் முன்னால் முட்டைக்கோஸ் மலை.
திரையரங்கில் சிரித்தார்கள்.
எங்கள் டிராம் எங்கே, பல் மருத்துவர் எங்கே,
வாடகைக்காகச் சண்டை போடும் ஐந்தாம் மாடி எங்கே
என்று என் தோழி காதில் கடித்தாள்.
நான் வாயே திறக்கவில்லை.
நாற்பது முட்டைக்கோஸ்.
அடுக்கியதே நான்தான்.

கூட்டத்தில் முப்பத்தொன்றாம் எண் ஹைதம்.
டெய்ர் எஸ்ஸோரிலிருந்து வந்தவன்,
மற்ற நாட்களில் செல்போன் பழுது பார்க்கிறான்.
பச்சைப் பலகை முன் நின்று தோள் குலுங்கினான்.
அழுகிறான் என்று ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தான்.
"இது மருந்துக்கடைதானே?"
"ஆமாம்."
"எங்கள் எழுத்து கைகோத்து நடக்கும்.
இங்கே ஒவ்வொன்றும் தனித்தனியாக,
அதுவும் வீட்டுக்குப் போகிற திசைக்கு எதிராக நிற்கிறது."
கணினி கொடுத்ததை அப்படியே அச்சடித்திருந்தேன்.
வெள்ளைச் சாயமும் தூரிகையும் நீட்டினேன்.
முதுகைக் காட்டிக்கொண்டு எழுதினான்.
ஒரே வரி. விறுவிறுவென்று.
மருந்துக்கடை என்பதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் இருந்தது.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
பின்னணியை யார் படிக்கிறார்கள்?

நாலு மணி பத்து நிமிடத்துக்கு வெடித்தார்கள்.
மூன்று கேமரா.
கதவு பறந்தது, கோழிகள் நிஜமாகவே பயந்தன.
துணை நடிகர்கள் விழுந்தார்கள், கதறினார்கள்.
ஹைதமும் விழுந்தான்.
"முப்பத்தொன்று, முகத்தில் இன்னும் துக்கம்!"
என்று ஒலிபெருக்கி கத்தியது.
அவன் முகத்தில் துக்கமே வரவில்லை.
கடைசியில் அவனைத் திருப்பிப் போட்டு
முதுகை மட்டும் எடுத்தார்கள்.

பெருக்கும்போது பலகை கிடைத்தது,
ஓரம் கருகி, எழுத்து சிதையாமல்.
போனை நீட்டினேன். மொழிபெயர்ப்புச் செயலி
கொஞ்சம் சுற்றிவிட்டுச் சொன்னது:

கடை அடுத்த தெருவுக்கு மாறிவிட்டது.

அடுத்த தெரு, எங்கள் ஸ்டுடியோ வரைபடத்தில்,
லண்டன்.

மறுநாள் விடிகாலை கொடி கட்டும்போது
சிவப்புக் கம்பளத்தை ஒரு சாண் தள்ளிக் கட்டினேன்.
சட்டகத்தின் மேல் ஓரத்தில்
வெள்ளையாக என்னவோ.
மேகம் என்று நினைத்துக்கொள்வார்கள்.