கூடுதல் கோரிக்கைகள் ஏதேனும்

மத்தியானம், விருந்தாளிகள் வெளியே போன நேரம்.
ரிசப்ஷன் குபேந்திரன் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினான்.
"நாந்த் ஊர்ல எக்கச்சக்க அறை காலி, லெயோனி அக்கா.
சொல்லுங்க, எது?"

பதினைந்து வருடமாக டூமா வீதியில்
அடுத்தவர் தூங்க விரித்துக் கொடுக்கிறவள்.
எட்டு அறை. எதையும் நான் தேர்ந்தெடுத்ததில்லை.

மகளின் விடுதி அறை ஒன்பது சதுர மீட்டர்.
விருந்தினருக்கு மூன்று இரவுதான் அனுமதி.
டிக்கெட்டோ பதினொரு நாளுக்கு.

முதல் படம். வெள்ளைச் சுவர், நீலத் தலையணை,
ஓடிப்பிடித்து விளையாடலாம் போல இடம்.
"வேண்டாம் தம்பி.
குளியல் தொட்டிக்குள்ள ஏறி நின்னு எடுத்தது."
நம் நாலாம் நம்பரை அப்படித்தான் எடுத்தார்கள்.
படக்காரர் வழுக்கிவிடாமல்
அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

இரண்டாவது, ஆற்றைப் பார்த்த ஜன்னல்.
கடலைப் பார்த்த ஜன்னல் எங்களிடமும் உண்டு.
தலையை வெளியே நீட்டி
கழுத்தை இடப்பக்கம் ஒடித்தால்
இரண்டு மாடிகளுக்கு நடுவே
புடவைக் கரை அகலத்துக்குக் கடல்.
அதற்கு நாளுக்கு அறுநூறு ரூபாய் அதிகம்.

மூன்றாவதில் மெத்தை உறை மூலையில் இழுத்து நிற்கவில்லை.
நாலாவதில் கம்பளம். கம்பளம் எதையும் மறக்காது.
ஐந்தாவது அமைதியான பகுதியாம்.
நாமும் அப்படித்தான் எழுதியிருக்கிறோம்;
விடியற்காலை கோயில் மணி
கட்டில் கால் வழியாக இறங்கும்.

ஓர் இரவுக்கு எழுபது யூரோ.
குபேந்திரன் ரூபாயாக மாற்றிச் சொல்லப் போனான்.
"மாத்தாதே" என்றேன்.
பாக்குமுடையான்பட்டுச் சீட்டு முடிந்து வந்த பணம்.
மாற்றினால் அங்கே போயும் தூக்கம் வராது.

அவன் சலிப்போடு வரைபடத்தைத் திறந்தான்.
முதலிலேயே அதைக் கேட்டிருக்க வேண்டும் நான்.
"வாய்க்கால் எங்க ஓடுது?"
"என்ன வாய்க்கால்?"
"பெரிய வாய்க்கால். இந்தப் பக்கம் தூங்குறவங்க,
அந்தப் பக்கம் அவங்களுக்குப் படுக்கை விரிக்கிறவங்க.
பிரெஞ்சுக்காரன் ஊர்ல அது இல்லாமலா?"

மகளுக்குப் போன் போட்டோம். அவளுக்கு அப்போது காலை.
"அதையெல்லாம் தூர்த்து ரோடு போட்டுட்டாங்கம்மா.
இப்ப ட்ராம் இருக்கு.
இருட்டோட வர்ற முதல் ட்ராம்ல
கடைசி ஸ்டாப்லேர்ந்து
உன்னை மாதிரி ஆளுங்க ஏறி வருவாங்க."
"அந்த ஸ்டாப் பேர் என்ன?"

சொன்னாள். எனக்குப் பிடிபடவில்லை.
பிரெஞ்சில் எனக்கு நாற்பது சொல் தெரியும்,
எல்லாம் குளியலறையில் இருப்பவை.

அங்கே ஓர் அறை இருந்தது, சலவைக்கடை மாடியில்.
வாசலில் நின்றே எடுத்த படம்,
ஓரத்தில் யாரோ மறந்துவிட்டுப் போன வாளியோடு.
அந்த வாளியை நம்பி "போடு" என்றேன்.

கடைசியில் ஒரு கட்டம்: கூடுதல் கோரிக்கைகள் ஏதேனும்.
எத்தனை சீட்டு வந்திருக்கும் என் கைக்கு.
இன்னொரு தலையணை. பல்லி இல்லாத அறை.
தேனிலவு, கட்டிலில் பூ.
"கதவுக் குமிழ்ல மாட்டுவாங்களே,
தொந்தரவு செய்யாதீர்னு ஓர் அட்டை.
அது இருக்கான்னு கேளு."
"அவ்வளவுதானாக்கா?"
"அவ்வளவுதான்."

அதற்குள் ஆறாம் நம்பர் சாவி மேசைக்கு வந்துவிட்டது.
வாளி, துடைப்பம், மாற்று உறை.
உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.
செருப்பைக் கழற்றிவிட்டு
அவர்கள் கசக்கிப் போன விரிப்பின் மேலேயே
மல்லாந்து, ஒரே ஒரு நிமிஷம்.

மின்விசிறிக் கிண்ணத்துக்கு மேலே
விரல் தடிமனில் ஒட்டடை.
பதினைந்து வருடத்தில்
ஒருத்தர்கூடச் சொல்லவில்லையே.