இலவச நாட்கள்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
எங்கள் அலுவலகம்.
மேலே ரப்பர் பால் டேங்கர் போனால்
மேசையில் டம்ளர் நகரும்.
எட்டு வருடமாக இங்கே உட்கார்ந்து
ஊர்ச் சரக்குக்கெல்லாம் பெயர் எழுதுகிறேன்:
அனுப்புநர். பெறுநர்.
பெறுநர் அகப்படாவிட்டால்
தகவல் சொல்லவேண்டியவர்.

மாறாமலைக் கிராம்பு, அறுபது மூட்டை.
புதுக்கடை முந்திரிப் பருப்பு, வெள்ளை, முழுசு.
ஈத்தாமொழித் தும்புக் கயிறு.
தனியாக ஒரு கன்டெய்னரை நிரப்ப
யாருக்கும் வக்கில்லாதபோது
மூன்றையும் ஒன்றாய் அடைத்து
எல்சிஎல் என்போம்.
கொழும்பில் கப்பல் மாறும்போது
கயிறு கிராம்பு மணக்கும்.

பில் ஆஃப் லேடிங்கில் ஒரு வரி எனக்குப் பிடிக்கும்:
'உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுவது.'
கப்பல்காரன் பெட்டியைத் திறப்பதில்லை.
சொன்னதை ஏற்றிக்கொள்கிறான்,
பொறுப்பைச் சொன்னவன் தலையில் வைத்துவிட்டு.

ஆனி மழையில்
குடை சொட்டச் சொட்ட வந்தார்
வள்ளவிளை ஜெனோவா.
பஹ்ரைனிலிருந்து பெட்டி.
தூத்துக்குடி கோடவுனில் கிடக்கிறது
பத்தொன்பது நாளாக.

"டெமரேஜின்னா என்னதாக்கும் பிள்ளே?"

முதல் ஏழு நாள் இலவசம் அக்கா.
அப்புறம் எடுக்காத ஒவ்வொரு நாளுக்கும்
வாடகை என்றும் சொல்லலாம்,
தண்டம் என்றும் சொல்லலாம்.

"கடல்ல கெடந்த நாளுக்குமா?"

இல்லை. கரைக்கு வந்தபிறகுதான் கணக்கு.

பட்டியலை வாசித்துக் காட்டினேன்.
குளியல் சோப்பு, பன்னிரண்டு.
பால் பொடி, இரண்டு டின்.
கம்பளி ஒன்று, கனமானது
("வள்ளவிளையில என்ன பனியா பெய்யுது?"
அவரே சிரித்தார்).
பெண்பிள்ளைச் செருப்பு ஒரு ஜோடி,
சிறுவர் அளவு, பதின்மூன்று.
மதிப்பு என்ற கட்டத்தில்
அங்கே யாரோ அடித்திருந்தார்கள்:
வணிக மதிப்பு இல்லை.

செருப்பு வரியில் விரலை வைத்தார்.
"அவளுக்க காலு இப்போ
எனக்க காலைவிடப் பெருசு."

மேலே ஏதோ லாரி போனது.
டம்ளரை நான் பிடித்துக்கொண்டேன்.

"ஆறு வருசமா ஆளு கடல்லதான் கெடக்குதான்.
போட்டுக்காரன் பாஸ்போர்ட்டக் குடுக்கேல்ல.
கடல்ல கெடந்தா கணக்கில்லன்னு
இப்பந்தானே சொன்ன?
அப்போ இதெல்லாம்
இலவச நாளா பிள்ளே?"

என்னிடம் அதற்குப் படிவம் இல்லை.
இருந்த படிவத்தில் தள்ளுபடி கேட்டு எழுதினேன்.
காரணம்: 'வருகை அறிவிப்பு
பெறுநருக்குத் தாமதமாகக் கிடைத்தது.'
பாதிப் பொய்.
அவர்களும் பாதிதான் தள்ளினார்கள்.

வெள்ளிக்கிழமை பெட்டி வந்தது.
இங்கேயே கயிற்றை அறுத்து
சோப்பு, பால் பொடி, கம்பளி எல்லாம்
இரண்டு பையில் திணித்துக்கொண்டு
இரவிபுத்தன்துறை பஸ்ஸுக்கு ஓடினார்.
செருப்பை விட்டுவிட்டுப் போனார்.
மறந்தாரா, வேண்டாம் என்று வைத்தாரா,
போன் செய்து கேட்கவில்லை.

பெறுநர் யாரென்று எழுதத் தெரியாமல்
மேசை ஓரத்தில் வைத்திருக்கிறேன்,
அட்டை கிழிக்காமல்.
டேங்கர் போகும்போதெல்லாம்
ஜோடியாகக் கொஞ்சம் நகர்கிறது.