பதினொரு சோடி லேஸ்

கொழும்பிலிருந்து பார்சல் வந்தது:
ஏழு நிறத்தில் சப்பாத்து லேஸ், பதினொரு சோடி.
லீக்கின்ர கடிதத்தைக் கோச்
பாதி வாசித்து மடித்தார்.
"விருப்பமெண்டால் கட்டுங்கோ."

மல்லாவி மைதானத்தில் காற்று மட்டும்
பெட்டியைக் கிளறியது.

போன மாசம் கிளிநொச்சியோட விளையாடேக்க
எங்கட கோல்கீப்பர் றெக்சன் பந்தைத் தவறவிட்டான்.
கோட்டுக்கு வெளியிலிருந்து அந்தச் சொல் வந்தது.
பிறகு உள்ளுக்கிருந்தும்.
உள்ளுக்கு எண்டால், நான்.

அவன் திரும்பிப் பார்க்கேல்லை.
கையுறையில் துப்பி
அடுத்த கோர்னருக்கு ஆயத்தமானான்.

இண்டைக்கு,
சுண்ணாம்புக் கோடு போடுற சிவகடாட்சம் அண்ணை
வாளியை வைச்சிட்டு வந்தார்.
"எனக்கு ஒண்டு போதும் தம்பி,
மற்றக் கால் ஆனையிறவில."
சிரிக்கலாமா எண்டு தெரியாமல் நிண்டம்.
சிரிச்சவன் றெக்சன்தான்.

குனிஞ்சு என்ர பழைய லேஸை அவிழ்க்கிறன்.
கறுப்பு. சேறு காய்ஞ்சு இறுகின முடிச்சு.
நகம் பிஞ்சும் வரேல்லை.
விசில் ஊதியாச்சு.
றெக்சன் கோலுக்குப் போகாமல்
என்ர காலைப் பார்த்தபடி நிக்கிறான்.